மலை வலது பக்கம் இருக்க வேண்டும்

காப்பீட்டு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று புதிதாகச் சேர்ந்த உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக இருப்பவளைக் கூப்பிட்டு இதையா சொல்லச் சொல்வது என்று எனக்குக் கொஞ்சம் கோபம். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் போதும். எனக்குத் தெரிந்ததெல்லாம், முதல் விண்ணப்பத்தை நான் எப்படிக் கெடுக்கப் பார்த்தேன் என்பது. அதைச் சொல்கிறேன். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பேனாவை மூடி வையுங்கள், குறிப்பெடுக்க ஒன்றுமில்லை.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலையில் சேர்ந்தது எண்பத்தொன்பதில். அப்போது நம் திருவண்ணாமலையில் ஆட்டிசம் என்று சொன்னால் மருந்துக் கடைக்காரர்கூட அது மாத்திரையா டானிக்கா என்று கேட்பார். பேசாத பிள்ளை என்றால் ஊமை, ஓடுகிற பிள்ளை என்றால் வால், இரண்டும் சேர்ந்திருந்தால் காத்து கருப்பு. நானே ஒரு தாயிடம், "உங்க பையனுக்குப் பிடிவாதம், செல்லத்தக் கொறைங்க" என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன். எந்தப் பிள்ளை என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் அப்புறம் ஆட்டிசம் பற்றித் தனியாகப் படித்தேன். வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் மையம் தொடங்கியபோது ஆசிரியை, பொறுப்பாளர், கத்துகிறவர் எல்லாம் நான்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கூட இருந்தவர் முனியம்மா. வாசலைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகளைக் கழுவி விடுவதும் அவர் வேலை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் கழித்துத்தான் நம் பிள்ளைகளுக்குக் காப்பீட்டு அட்டை வந்தது. அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவை அது பார்த்துக்கொள்ளும். அட்டை வாங்க, பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று அரசு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்க, முகாம் நடக்கும் அன்று கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நம் மையத்திலிருந்து முதலில் போனவன் கதிர்.

கதிரவன் என்று பெயர், ஆறு வயது. அடி அண்ணாமலைப் பையன். அப்பா ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா செல்வி கிரிவலப் பாதையிலேயே கற்பூரம், தண்ணீர் பாட்டில், சுண்டல் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தாள். ஜூன் மாதம் எங்களிடம் சேர்ந்தான். வெளியூர்க்காரர் ஒருவர் கொடுத்த உதவியில் அவனுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி நடந்தது. அந்த உதவி மார்ச்சோடு முடிகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதற்குள் அட்டை வந்தால் பயிற்சி தொடரும், வராவிட்டால் நிற்கும். நின்றால் செல்வி பழையபடி அவன் இடுப்பில் துண்டைக் கட்டி, மறுமுனையைக் கடைக் கம்பத்தில் கட்டிவிட்டுத்தான் வியாபாரம் செய்ய வேண்டும். குறை சொல்லாதீர்கள், வண்டி ஓடுகிற ரோட்டில் அவளுக்கு வேறு வழி இல்லை.

காலையில் கதிர் ஆட்டோவிலிருந்து இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை மாதிரி இறங்குவான். சிரித்த முகம், செருப்பைக் கழற்றி நேராக வைப்பான். நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. சாயங்காலம் அப்பா வந்து வண்டியைப் பார்த்ததும் ஆரம்பிக்கும். தரையில் விழுந்து, கையைக் கடித்துக்கொண்டு, தெருவே வந்து எட்டிப்பார்க்கிற மாதிரி அலறல். ஏழுமலையும் முனியம்மாவும் சேர்ந்து தூக்கிப் போட்டால்தான் வண்டி கிளம்பும்.

முதல் மாதம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம்மை விட்டுப் போக மனசில்லை பிள்ளைக்கு என்று நினைத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு! பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வீட்டுக்குப் போகணும்னாலே அழறான் பாருங்க" என்று தம்பட்டம் அடித்தேன். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. பிள்ளை சிரித்தால் நம்மால், அழுதால் வீட்டால்.

அந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கதிரின் முழங்கையில் ஒரு கன்றிப்போன தடம் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்குப் போக இப்படி அலறுகிறான், உடம்பில் தடம் இருக்கிறது, அப்படியென்றால் வீட்டில் என்ன நடக்கிறது? பத்துப் பெற்றோர் நிற்கிற வாசலில் வைத்து ஏழுமலையைக் கேட்டேன்.

"வீட்ல புள்ளைய போட்டு அடிக்கிறீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல டீச்சர்" என்றார்.

"அப்ப வீட்டுக்குன்னாலே எதுக்குக் கத்தறான்? எங்கிட்ட பொய் சொல்லாதீங்க!"

பக்கத்தில் முனியம்மா, "டீச்சர், டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று என் புடவையை இழுத்தார். "நீ சும்மா இரு" என்று அவர் மேலும் விழுந்தேன். ஏழுமலை பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வரவில்லை. இரண்டு வாரம் வரவில்லை.

நான் மட்டும் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு விறைப்பாக இருந்தேன். மூன்றாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில் முனியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா டீச்சர், கோவம் போச்சா? சொன்னா காதுல வாங்குவீங்களா?"

"சொல்லு."

"நான் வூட்டுக்குப் போறப்ப அவங்க வண்டிலதான் டவுன் வரைக்கும் போறது. அங்க எறங்கி செங்கம் ரோட்டு வண்டிக்கு மாறிப்பேன். ஒரு நாளு காஞ்சி ரோட்டுல பைப்பு போட பள்ளம் நோண்டி வெச்சிருந்தாங்க. வண்டி அந்தப் பக்கம் திரும்ப முடியல. நேரா கோயில் பக்கமா போயி செங்கம் ரோட்டப் புடிச்சு சுத்திட்டுப் போனாரு. அதுவரைக்கும் கத்திக்கினு வந்த புள்ள, கம்முனு ஆயிட்டான் டீச்சர். நான் எறங்கறப்ப கைய ஆட்டி சிரிக்கிறான். அப்புறம் அந்தத் தடம், நாமதான் தூக்கிப் போடறப்ப கம்பில இடிச்சது. என் கையிலயும் இருக்குது பாருங்க."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? நீங்கதான் கத்தினு இருந்தீங்களே."

சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்தேன். அன்றைக்கே அடி அண்ணாமலைக்குப் போனேன். கடை வாசலில் ஏழுமலை டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய், "தப்பா பேசிட்டேன் ஏழுமலை. மன்னிச்சிடுங்க" என்று மட்டும் வந்தது.

"பரவால்ல டீச்சர். ஊர்ல எல்லாரும் கேட்டதுதான். நீங்க கேட்டதுதான் கொஞ்சம் ஜாஸ்தியா வலிச்சது" என்றார். ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

வண்டி போன பாதையைச் சொல்லிக் கேட்டேன். செல்விக்குத்தான் முதலில் விளங்கியது. கதிருக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வராததால், பேச்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மூன்று வருஷம் ஒரு பௌர்ணமி விடாமல் அவனைத் தோளில் வைத்து மலையைச் சுற்றியிருக்கிறார்கள். கிரிவலம் எப்போதும் மலை நம் வலது கைப் பக்கம் இருக்கும்படிதான். அவர்கள் வீட்டிலிருந்து வேங்கிக்காலுக்கு வருகிற வழியில் மலை வலது பக்கம் இருக்கும், அதனால் காலையில் சிரிப்பு. அதே வழியில் திரும்பினால் மலை இடது பக்கம் வந்துவிடும். அவன் கணக்கில் அது உலகம் தலைகீழாகப் போவது.

"வேண்டுதல்ல பேச்சு வரல டீச்சர், சுத்தறது மட்டும் வந்துடுச்சு" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அதைப் பார்த்து ஏழுமலை சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் வண்டி நீண்ட வழியில்தான் போனது. கால் மணி நேரத்தில் போக வேண்டிய வீட்டுக்கு மலையைச் சுற்றி முக்கால் மணி நேரம். வழியில் கோயிலிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏழுமலை சமாளித்தார். அலறல் அன்றோடு நின்றது. கதிரின் முன் உட்கார்ந்து, "இனிமே உன்ன அந்தப் பக்கமா யாரும் இழுத்துட்டுப் போக மாட்டோம்" என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சொன்னது சொன்னதுதான். உங்களில் ஒருவர் கேட்பீர்கள், அவனை வேறு வழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதுதானே நம் வேலை என்று. ஆமாம், நம் வேலைதான். ஆனால் நம்மை நம்பின பிறகு அவன் சம்மதத்தோடு செய்கிற வேலை அது, நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டுச் செய்கிற வேலை அல்ல.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா? வந்திருந்தால் முகாமில் அப்படி மூக்கு உடைபட்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரியில் முகாம் என்று தெரிந்ததும் டாக்டர் வைத்திருக்கும் படிவத்தின் நகல் ஒன்றை வாங்கினேன். பிள்ளையிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி அதில் இருந்தது. உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்த ஊர், என்ன சாப்பிட்டாய். கதிருக்கு அதற்குள் சில சொற்கள் வந்திருந்தன. இவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. எட்டு மாத உழைப்பாயிற்றே! இரண்டு மாதம் தினமும் அந்த நாலு கேள்வி, அந்த நாலு பதில். கதிரவன். ஏழுமலை. அடி அண்ணாமலை. இட்லி. வீட்டில் செல்வி விடவில்லை. கடைக்குக் கற்பூரம் வாங்க வருகிறவர்களைக்கூடக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேள்வியைத் தெலுங்கில் கேட்டாராம், அப்போதும் "கதிரவன்" என்றுதான் பதில் சொன்னானாம். நாங்கள் கைதட்டினோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முகாம் அன்று கதிருக்குப் புதுச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நூறு பேருக்கு மேல் வரிசையில். காலை எட்டு மணிக்குப் போனவர்களைக் கூப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருந்தது. கதிர் அதை வலது பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தான், எங்களுக்கும் நேரம் போனது. முனியம்மா டீ வாங்கி வந்து நீட்டினார். "வேணாம்மா, இவன் உள்ள போய்ட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் செல்வி.

உள்ளே டாக்டர் களைத்துப்போயிருந்தார். பாவம், காலையிலிருந்து தலை நிமிரவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உன் பேர் என்ன?"

"கதிரவன்."

"அப்பா பேர் என்ன?"

"ஏழுமலை."

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை."

"என்ன சாப்பிட்டே?"

"இட்லி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தானேம்மா இருக்கான்? கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்னு சொல்றான். பேச்சு கொஞ்சம் லேட்டா வந்திருக்கு, அவ்ளோதான். ஸ்கூல்ல சேத்துடுங்க. சான்றிதழெல்லாம் தேவைப்படாது. அடுத்தது யாரு?"

வெளியே வந்ததும் செல்வி கதிரைத் தூக்கிச் சுற்றினாள். "பாஸ் பண்ணிட்டான் டீச்சர்! டாக்டரே நல்லா இருக்கான்னு சொல்லிட்டாரு!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏழுமலை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அட்டை?"

"வராது."

"மார்ச்சுக்கு மேல?"

இந்த ஒரு தேர்வில் மட்டும் தேறினால் எல்லாம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே நான் அவனைத் தேற வைத்திருக்கிறேன். ஏனென்றால் எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது.

ஏழுமலை என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "டீச்சர், அந்தப் புள்ளையார ஒரே ஒரு சுத்து இடது பக்கமா இவன இழுத்துனு வரட்டுமா? டாக்டர் ரூம் ஜன்னல் நேரா இருக்கு. இவன் போடற சத்தத்துல அவரே எழுந்து வந்து பாப்பாரு. ஒரு நிமிஷம் போதும்."

உண்மையைச் சொல்கிறேன், "சரி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அது கண்டிப்பாகப் பலிக்கும், எனக்குத் தெரியும். ஒரு நிமிஷ அலறல் ஒரு பக்கம், வருஷக்கணக்கான பயிற்சி இன்னொரு பக்கம். கணக்குப் போட்டால் எது பெரியது? பிள்ளையின் அப்பாவே சொல்கிறார், நான் யார் மறுக்க? அப்போது கதிர் எங்களைத் தாண்டிச் சுற்றி வந்தான். போகிற போக்கில் என் சேலைத் தலைப்பைத் தொட்டுவிட்டுப் போனான். அடுத்த சுற்றிலும் தொட்டான். அவனுக்கு நானும் அந்தச் சுற்றில் ஒரு இடமாகியிருந்தேன்.

"வேணாம் ஏழுமலை. அவனுக்கு வாக்கு குடுத்திருக்கோம். கெடுத்தது நான், நானே போய்ச் சொல்றேன்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. "யம்மா, லைன்ல வா! நாங்க இன்னா பைத்தியமா?" என்றார் ஒருவர். "ஒரே நிமிஷம்யா, என் தப்ப சொல்லிட்டு வந்துடறேன்" என்று கும்பிட்டுவிட்டு கதிரையும் செல்வியையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"டாக்டர், உங்கள நான் ஏமாத்திட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"இந்த நாலு கேள்வியையும் ரெண்டு மாசமா இதே வரிசைல சொல்லிக் குடுத்தேன். உங்க ஃபாரத்துல இருக்கற வரிசை. தயவு செஞ்சு கீழேர்ந்து மேல கேளுங்க."

அவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"என்ன சாப்பிட்டே?"

"கதிரவன்" என்றான் கதிர், அதே கணீர்க் குரலில்.

"எந்த ஊரு?"

"ஏழுமலை."

"அப்பா பேர் என்ன?"

"அடி அண்ணாமலை."

"உன் பேர் என்ன?"

"இட்லி."

கதவருகில் நின்ற யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. செல்வியின் முகத்தை அவர் பார்த்துவிட்டார். சற்று முன்னால் பூரித்துப் போயிருந்த முகம், யாரோ அறைந்த மாதிரி ஆகிவிட்டது. கதிர் மட்டும், எல்லாப் பதிலையும் சரியாகச் சொன்ன திருப்தியில், கைதட்டலுக்காக என்னைப் பார்த்தான். நான் கைதட்டினேன். வேறென்ன செய்வது?

டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். "உக்காருமா. வீட்ல எப்படி இருப்பான்? நீ சொல்லு, டீச்சர் பேச வேணாம்" என்றார். செல்வி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இட்லியைத் தவிர எதையும் தொடமாட்டான். பௌர்ணமிக்கு மைக் செட் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். "பல்லு வலிச்சாகூட சொல்லத் தெரியாது டாக்டர். சுவத்துல முட்டிக்குவான். எங்க வலிக்குதுன்னு நாந்தான் ஒவ்வொரு எடமா தொட்டுத் தொட்டுப் பாப்பேன்." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார். அது பாராட்டா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இரண்டுக்கும் நான் லாயக்குத்தான்.

வெளியே வந்ததும் செல்வி என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களே சொல்லிக் குடுத்தீங்க. நீங்களே அத்தன பேர் எதிர்க்க அவன ஃபெயில் ஆக்கிட்டீங்க." நியாயம் அவள் பக்கம். உள்ளே போவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் நின்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், இது பரீட்சை இல்லை செல்வி, பிள்ளை எப்படி இருக்கிறானோ அப்படியே காட்டினால் போதும் என்று. நீங்கள் யாரையாவது முகாமுக்கு அழைத்துப் போகும்போது புதுச் சட்டை போடுங்கள், விபூதி வையுங்கள், ஆனால் இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ் போய், அட்டை வந்து, ஏப்ரல் மாதம் கதிரின் பயிற்சி ஒரு நாளும் நிற்காமல் தொடர்ந்தது. காப்பீட்டில் நம் மையத்தில் ஆரம்பித்த முதல் சிகிச்சை அதுதான். கதை அதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அந்த முகாம் அன்று சாயங்காலம் நடந்தது.

ஏழுமலை, "வாங்க டீச்சர், எறக்கி உடறேன்" என்றார். எனக்கு அந்த வண்டியில் ஏறவே கூச்சமாக இருந்தது, ஆனாலும் ஏறினேன். முனியம்மா நடுவில் உட்கார்ந்து செல்வியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். டவுனுக்குள் காஞ்சி ரோடு திரும்புகிற இடம் வந்தது. காலையிலிருந்து நின்ற களைப்பு எல்லோருக்கும். ஏழுமலை வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். செல்விதான் சொன்னாள், "சுத்தியே போங்க" என்று. வளாகத்தை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

கோயிலைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் வண்டி ஏறியதும் வெயில் தணிந்து மலை வலது பக்கம் முழுசாகத் தெரிந்தது. கதிர் அப்பாவுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். திடீரென்று திரும்பி அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"என்ன சாப்பிட்டே?"

ஏழுமலை வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியேவிட்டார். கதிர் அதுவரை யாரையும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லுவான், சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லுவான், அவ்வளவுதான்.

செல்வி அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒண்ணும் சாப்பிடலடா" என்றாள். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல." சொல்லும்போதே உடைந்து அழுதாள். முனியம்மா, "அடிப்பாவி, டீயும் வேணான்னியே!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தார்.

எதிரில் ஒரு டிபன் கடை இருந்தது. நாங்கள் நாலு பேரும் இறங்கிப் போய் உட்கார்ந்தோம், கதிர் மலை வலது பக்கம் வருகிற மாதிரி பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டான். டாக்டர் கேட்டதைத்தான் அவன் திரும்பச் சொன்னான் என்று நீங்கள் சொல்லலாம். படித்தவர்கள், சொல்லத்தான் செய்வீர்கள். நானும் மறுநாள் மையத்தின் பதிவு ஏட்டில், "கேட்ட கேள்வியைத் திரும்பச் சொன்னான்" என்றுதான் எழுதினேன். நாம் பார்த்ததை மட்டும்தான் ஏட்டில் எழுத வேண்டும். ஆனால் நான் அன்று பார்த்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தட்டு வருகிற வரைக்கும் அவன் விடவில்லை. என்ன சாப்பிட்டே, என்ன சாப்பிட்டே என்று அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். இட்லி வந்தது. செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள். அவன் அவள் வாயையே பார்த்தான். விழுங்கி முடித்ததும் மறுபடி கேட்டான்.

"இட்லி" என்றாள் செல்வி.

கதிர் கைதட்டினான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.